கடற்படைக் கப்பலில் மருத்துவ அதிகாரியாக: சேர நினைக்கும் இளம் மருத்துவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு இந்தியக் கடற்படையில் குறுகிய காலப் பணியில் சேரலாமா என்று கேட்டு வரும் இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் சம்பளம், முதுநிலைப் படிப்பு, வெளியே வந்த பிறகான வேலை ஆகிய மூன்றைப் பற்றியே விசாரிக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். அவற்றுக்கும் கீழே விடை சொல்லியிருக்கிறேன். ஆனால் கப்பலில் ஏறியபின் ஒரு மருத்துவரை ஆழமாகச் சோதிப்பது இன்னொன்று. அவர் தம் நோயாளிக்கு மருத்துவர்; அதே நேரத்தில், அந்த நோயாளி வேலை செய்யும் போர்க்கப்பலின் அதிகாரிகளில் ஒருவர். நோயாளியின் நலனும் கப்பலின் தேவையும் எதிரெதிராக நிற்கும் நாள் ஒவ்வொருவருக்கும் வரும். அந்த நாளை எப்படிச் சந்திப்பது என்று பயிற்சியில் எனக்கு எவரும் விரிவாகச் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே முக்கியமாக எழுத விரும்புகிறேன்.

முதலில் சேர்க்கை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்படை தனக்கென்று தனியாக மருத்துவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. முப்படைகளுக்கும் பொதுவாக 1948-இல் உருவான ஆயுதப்படை மருத்துவ சேவைகள் என்ற அமைப்பே ஆளெடுக்கிறது. புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் ஒரு வழியில் வருகிறார்கள். என்னைப் போல் மாநில அரசுக் கல்லூரியில் படித்தவர்கள் டெல்லியில் நேர்காணலையும் உடற்தகுதிப் பரிசோதனையையும் முடித்து இன்னொரு வழியில் வருகிறோம். இரு சாராரும் ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாணை (கமிஷன்) பெற்று, அங்கிருந்துதான் கடற்படைக்கு அனுப்பப்படுகிறோம். அங்கே நமக்குக் கிடைப்பது சர்ஜன் லெப்டினன்ட் என்ற பதவி. இது தரைப்படையின் கேப்டனுக்கு இணையானது. எந்தப் படை வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கலாம். முடிவெடுப்பது சேவையின் தேவை. இந்தப் பொது ஏற்பாடு மேல்மட்டம் வரை நீள்கிறது: 2004-இல் தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்த புனிதா அரோரா, அடுத்த ஆண்டே கடற்படைக்கு மாறி சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார். எனவே கடல் ஒன்றுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தோடு விண்ணப்பிப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

அடிப்படைப் பயிற்சி லக்னோவில், ராணுவ மருத்துவப் பிரிவின் மையத்தில் நடக்கும். அணிவகுப்பு, களமருத்துவம், படைச் சட்டம், அலுவலகக் கடிதம் எழுதும் முறை என்று பலவும் அதில் உண்டு. கடலுக்குரியதை மும்பை கொலாபாவில், ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனையை ஒட்டியுள்ள கடற்படை மருத்துவ நிறுவனத்தில் கற்கிறோம். கடிதம் எழுதும் பாடத்தை அலட்சியம் செய்யாதீர்கள் என்பது என் முதல் அறிவுரை. ஒரு மாலுமியின் உயிர் சில வேளைகளில் நீங்கள் அனுப்பும் நான்கு வரிச் செய்தி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கும்.

மருத்துவருக்கு எதற்கு ராணுவப் பதவி என்று என் தந்தை கேட்டார். நியாயமான கேள்வி அது. பிரிட்டனின் ராயல் நேவியில் கப்பல் மருத்துவர்கள் நெடுங்காலம் வாரண்ட் அதிகாரிகளாகவே இருந்தார்கள். 1843-இல்தான் அவர்களுக்குப் பணியாணை பெற்ற அதிகாரிகளுக்குரிய தகுதி கிடைத்தது. இந்தியக் கடற்படையின் பதவி வரிசை அந்த மரபிலிருந்து வந்தது. நம் தோள்பட்டையில் தங்க நிறக் கோடுகளுக்கிடையே உள்ள சிவப்புத் துணி மருத்துவப் பிரிவுக்குரிய அடையாளம். இந்தத் தகுதியின் பயன் கப்பலில் ஏறிய சில வாரங்களில் புரிந்துவிடும். அடுக்களையில் சமைத்து வைத்த உணவைக் கொட்டச் சொல்லவும், காய்ச்சலில் இருப்பவரை இரவுக் காவலிலிருந்து விடுவிக்கவும், கப்பலின் தலைவரை நள்ளிரவில் எழுப்பி ஒரு செய்தியைச் சொல்லவும் மருத்துவ அறிவு மட்டும் போதாது. அவர்களோடு, அதிகாரிகளின் உணவுக்கூடமான வார்ட்ரூமில் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அதிகாரியாக இருப்பவரின் சொல்லுக்குத்தான் அங்கே எடை உண்டு. ஆனால் அதே பதவி, மாலுமிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தூரத்தையும் கொண்டுவந்துவிடுகிறது.

சிக் பே எனப்படும் கப்பலின் மருத்துவ அறையைப் பற்றிப் பெரிய கற்பனைகள் வேண்டாம். 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியில் படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். விக்ராந்த் போன்ற விமானந்தாங்கிக் கப்பலில் 16 படுக்கைகள், அறுவை அரங்குகள், சி.டி. ஸ்கேன் எல்லாம் கொண்ட மருத்துவ வளாகமே இருக்கிறது. நடுத்தரப் போர்க்கப்பலில் நிலைமை வேறு. நான் பணியாற்றிய சிக் பேயில் சுவரோடு பொருந்திய இரண்டு படுக்கைகள், ஒரு பரிசோதனை மேசை, ஒரு கழுவுதொட்டி, மருந்து அடுக்கிய அலமாரிகள், அவ்வளவே. அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் குறுக்கே கம்பி உண்டு. ஆக்சிஜன் சிலிண்டர் இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கும். பூட்டாத இழுப்பறை எதுவும் கடல் கொந்தளிக்கும் இரவில் தன் இடத்தில் இருக்காது. காற்றோட்டக் குழாயின் இரைச்சலுக்கும் எஞ்சின் அதிர்வுக்கும் நடுவே ஸ்டெதாஸ்கோப்பில் இதய ஒலியைப் பிரித்தறிவது கடினம். ஈ.சி.ஜி. கோடு அலையோடு சேர்ந்து ஆடும். ஆகவே மூச்சை எண்ணுவது, நாடியைப் பிடிப்பது, நாக்கையும் கண்ணையும் பார்ப்பது, வயிற்றைக் கையால் தொட்டுணர்வது என்று நம் பேராசிரியர்கள் வார்டில் வற்புறுத்திய பழைய திறன்களே கைகொடுக்கும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் அவற்றை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். பல் பிடுங்குவது, விரலை மரக்கச் செய்து தைப்பது, இடம் பெயர்ந்த தோள்மூட்டைப் பொருத்துவது, கண்ணில் விழுந்த இரும்புத் துகளை எடுப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் இவை வாராவாரம் தேவைப்படும்.

அன்றாடப் பணியில் பெரும்பகுதி நோய் வராமல் பார்த்துக்கொள்வதுதான். நூற்றுக்கணக்கானோர் ஒரே அடுக்களையில் உண்டு, ஒரே தொட்டியின் நீரைக் குடித்து, கைக்கெட்டும் நெருக்கத்தில் உறங்குகிறார்கள். சமையற்காரர் ஒருவரின் விரலில் சீழ்ப்புண் இருந்தால் மறுநாள் கப்பலில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று நானே சோதிப்பேன். முறையான ஆய்வு நாளில் மட்டும் போகாமல், எதிர்பாராத நேரத்தில் அடுக்களைக்குப் போய் சமையற்காரர்களோடு நின்று தேநீர் குடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். குறை கண்டுபிடிக்க வந்தவராக அல்லாமல் தெரிந்தவராக வருபவரிடம், குளிர்பதன அறை முந்தைய இரவு நின்றுபோனதை அவர்களே சொல்லிவிடுவார்கள். கடல் மயக்கத்துக்கு சின்னரிசின் அல்லது புரோமெதசின் மாத்திரையைக் கப்பல் புறப்படும் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் வாய்வழி மாத்திரையால் பெரிய பயன் இல்லை. புரோமெதசின் தூக்கத்தை வரவழைப்பதால் இயந்திரத்தையோ ஆயுதத்தையோ கையாள்பவருக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

இனி, நான் மிகவும் விரிவாகச் சொல்ல விரும்பும் நிகழ்வு. அரபிக்கடலில் கரையிலிருந்து வெகுதொலைவில் ஒரு கூட்டுப் பயிற்சியில் இருந்தோம். மாலையில் மெடிக்கல் அசிஸ்டென்ட் ஒரு மாலுமியை அழைத்து வந்தார். தென்தமிழகத்து இளைஞர், அவரிடம் இந்தியில் "லேசான வயிற்று வலி" என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் தமிழில், "எப்பலேர்ந்து தம்பி வலிக்குது?" என்று கேட்டதும் முகம் மாறியது. "நேத்து ராத்திரிலேர்ந்து சார். மொதல்ல தொப்புளைச் சுத்தி இருந்துச்சு. இப்ப வலது பக்கம் கீழ எறங்கிடுச்சு. சாப்பாடே பிடிக்கல." என்ன நோய் என்பது அந்த மூன்று வாக்கியங்களிலேயே ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. படுக்கையில் ஏறும்போது வலது காலை மடக்கிக்கொண்டார். இருமச் சொன்னபோது கை தானாக வலது அடிவயிற்றுக்குப் போனது. அழுத்திவிட்டுக் கையை எடுக்கையில் வலி கூடியது. குடல்வால் அழற்சிக்குரிய அல்வராடோ மதிப்பெண் பத்தில் மூன்று வெள்ளணுக் கணக்கைச் சார்ந்தவை; அதைப் பார்க்க அங்கே வசதியில்லை. மீதமுள்ள ஏழில் ஆறு அவருக்கு இருந்தது. பரிசோதனை முடிந்ததும் அவர் கேட்டது சிகிச்சையைப் பற்றியன்று. "சார், என்னை எறக்கி விட்றாதீங்க. அடுத்த மாசம் எனக்கு கோர்ஸ் இருக்கு" என்றார். பதவி உயர்வுக்கான படிப்பு அது.

வாய்வழி உணவை நிறுத்தி, நரம்பு வழியாக நீரும், கிருமிக்கொல்லி மருந்துகளான செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும் கொடுக்கத் தொடங்கிவிட்டு, கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜுக்குப் போனேன். கப்பலைத் திருப்புவதென்றால் பயிற்சியில் எங்கள் பங்கைக் கைவிட வேண்டும். மற்றக் கப்பல்களின் திட்டமும் மாறும். கட்டளை அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் இருக்கிறது, டாக்?" என்பது. இங்கேதான் மருத்துவர்கள் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நோயின் பெயரையும் அறிகுறிகளையும் விளக்கத் தொடங்குவார்கள். கேட்பவருக்கோ அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மருத்துவர் பரிந்துரைக்கிறார், முடிவு கட்டளை அதிகாரியுடையது. எனவே அவர் முடிவெடுக்கத் தேவையானதை மட்டும் கொடுக்க வேண்டும். நான் சொன்னது இவ்வளவே: "குடல்வால் அழற்சி என்று ஏறக்குறைய உறுதியாக நம்புகிறேன். மருந்தால் நோயை அடக்கி வைக்க முடியும். நாளை காலை வரை பொறுப்பேற்கிறேன். வெடித்துவிட்டால் இங்கே என்னால் அறுவை செய்ய இயலாது. நாளை காலைக்குள் ஹெலிகாப்டர் எட்டும் தொலைவில் நாம் இருக்க வேண்டும். இரவில் காய்ச்சல் ஏறினாலோ வயிறு முழுதும் இறுகினாலோ உடனே மறுபடி வருவேன்." அவர் வரைபடத்தைப் பார்த்தார், நேவிகேட்டரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார், போக்கை மாற்ற உத்தரவிட்டார்.

இரவு முழுதும் ஒவ்வொரு மணிக்கும் நாடி, வெப்பம், வயிற்றின் நிலை ஆகியவற்றை எழுதினோம். கரையிலிருந்த கடற்படை மருத்துவமனையின் அறுவை நிபுணரோடு செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசி என் திட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டேன். அந்த உரையாடலையும் நேரத்தோடு பதிந்தேன். விடிந்ததும் ஹெலிகாப்டர் வந்து அவரை ஏற்றிச் சென்றது. அன்றே அறுவை நடந்தது. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாகச் செய்தி வந்தது. அவர் நலமாகிப் பிறகு அடுத்த தொகுதியில் அந்தப் படிப்பை முடித்தார்.

இது போன்ற வேளைகளில், 1942 செப்டம்பரில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் சீட்ராகனில் வீலர் லைப்ஸ் என்ற மருந்தாளுநர் நிலை மாலுமி, அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையில் வைத்து, வளைத்த கரண்டிகளைக் கருவியாக்கி, சக மாலுமியின் குடல்வாலை அகற்றி உயிர் காத்த கதையை யாராவது சொல்வார்கள். அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அவரிடம் ஹெலிகாப்டர் இல்லை, பென்சிலின் இல்லை, கரைக்குத் திரும்ப வழியும் இல்லை. அவை மூன்றுக்கும் ஈடான வசதி உள்ள இன்றைய மருத்துவர், கத்தியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைச் சரியாகச் செய்வதற்கு வேறு விதமான உறுதி வேண்டும்.

அந்த இளைஞர் வலியை மறைத்தது தற்செயலானது அன்று. படைவீரர் ஒவ்வொருவரின் உடல்நிலையும் மனநலம், செவி, கைகால்கள், உடல்திறன், பார்வை ஆகிய ஐந்து தலைப்புகளில் மதிப்பிடப்பட்டு 'ஷேப்' என்ற வகைப்பாட்டில் பதியப்படுகிறது. எல்லாவற்றிலும் முதல்நிலை என்றால் ஷேப்-1. அதிலிருந்து இறங்கினால் கடற்பணி, சில படிப்புகள், பதவி உயர்வு, நீர்மூழ்கிக் கப்பலுக்குரிய சிறப்புப் படி என்று பலவும் கைவிட்டுப் போகலாம். ஊரில் தங்கையின் திருமணக் கடனை அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ரத்த அழுத்த எண் வெறும் எண்ணாக இருக்காது. அதனால் வெளிக் கடையில் மாத்திரை வாங்கி ரகசியமாக விழுங்கும் பெட்டி ஆபீசர்கள் (பதவி உயர்ந்த மாலுமிகள்) உண்டு. ஆண்டுப் பரிசோதனையின்போது மட்டும் இரட்டை மாத்திரை போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. இவர்களை ஏமாற்றுக்காரர்களாகப் பார்க்கும் மருத்துவரிடம் மறுமுறை ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

நான் கண்டடைந்த வழி, முதல் சந்திப்பிலேயே எல்லையை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. புதிதாகக் கப்பலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன்: இங்கே நீங்கள் பேசுவதில் பெரும்பகுதி இந்த அறைக்குள்ளேயே இருக்கும்; உங்களுக்கோ உடன் பணியாற்றுபவருக்கோ கப்பலுக்கோ ஆபத்து தரக்கூடியது மட்டும் மேலே போகும்; அப்படிப் போகுமுன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். இதைச் சொன்னபடி நடந்துகாட்டினால் சில மாதங்களில் சிக் பேயின் கதவு தானாகத் திறக்கும். கட்டளை அதிகாரிக்கு அனுப்பும் குறிப்பில் நோயின் பெயரைவிட, அந்த மனிதர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எத்தனை நாளுக்கு என்பதையே எழுதுவேன். ஏணி ஏற வேண்டாம், இரவுக் காவல் வேண்டாம், பத்து நாள் என்றால் கப்பலின் வேலைக்கு அது போதும். மாலுமியின் மானமும் காக்கப்படும். நீண்டகால நோயென்றால் மருத்துவ வாரியத்துக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அதற்கு முன் அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து, வகை இறங்குவது நிரந்தரமாகத்தான் இருக்கும் என்பதில்லை, மறுபரிசீலனை உண்டு, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் நிலை மேலேறவும் வாய்ப்புண்டு என்று விளக்குங்கள். அந்த அரை மணி நேரத்தை எதிர்காலப் பக்கவாதத்துக்கான தடுப்பு சிகிச்சையாகவே நான் கருதுகிறேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. ஆயுதமேந்திக் காவல் நிற்பவரிடம் மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தால், அன்றே, அந்த மணியிலேயே, ஆயுதத்தை அவரிடமிருந்து விலக்கச் செய்ய வேண்டும். அவர் வருந்தலாம், கோபிக்கலாம். பிறகு பேசிச் சரிசெய்துகொள்ளலாம்.

கப்பல் புறப்படும் காலையில் வரும் வயிற்று வலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூத்தவர்கள் சிலர் அவற்றைப் பாசாங்கு என்று ஒதுக்கச் சொல்வார்கள். நான் முதலில் வலியை வலியாகவே பரிசோதிப்பேன், பின்பு, "வீட்டில் எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்பேன். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, மனைவிக்குப் பேறுகாலம், நிலத் தகராறு என்று பெரும்பாலும் ஏதோ ஒன்று வெளிவரும். கப்பலின் இரண்டாம் நிலைத் தலைவரான எக்ஸிக்யூட்டிவ் ஆபீசரிடம் போய் விடுப்புக்காகப் பேசுவது மருத்துவரின் வேலையா என்று கேட்கலாம். கப்பலில் அதுவும் அவர் வேலைதான்.

நோயாளி உங்களைவிட மூத்தவராக இருக்கும்போது நிலைமை இன்னும் நுட்பமானது. நெஞ்சு வலிக்கும் கட்டளை அதிகாரி, "ஒன்றுமில்லை, வாயுதான்" என்பார். சிக் பேக்குள் நுழைந்தபின் அங்கே முடிவு மருத்துவருடையது என்பதைப் பணிவாகவும் அசையாமலும் சொல்லப் பழக வேண்டும். அதற்கான நேரத்தில் முதன்முறையாகச் சொல்வதைவிட, பொறுப்பேற்ற வாரத்திலேயே மரியாதையாகப் பேசி ஒப்புதல் பெற்றுவைப்பது எளிது.

போர்நிலை ஒத்திகையில் மருத்துவரின் பணி முற்றிலும் உருமாறும். நீர்புகாக் கதவுகள் எல்லாம் மூடப்படுவதால் காயமடைந்தவரை நினைத்த இடத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே முன்பகுதியிலும் பின்பகுதியிலும் தனித்தனி முதலுதவி நிலையங்கள் அமைப்போம். வார்ட்ரூமின் சாப்பாட்டு மேசை சிகிச்சை மேசையாகும். செங்குத்து ஏணிகளும் குறுகிய திறப்புகளும் உள்ள கப்பலில், சாதாரண ஸ்ட்ரெச்சர் உதவாது. நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர் என்ற, மூங்கில் பட்டைகளைக் கித்தானில் வைத்துத் தைத்த ஒன்று இருக்கிறது. காயமடைந்தவரை அதில் வைத்துப் பட்டைகளை இறுக்கினால் உடல் முழுதும் ஒரே கட்டாக நிமிர்ந்துவிடும். தலைப்பக்க வளையத்தில் கயிறு மாட்டி மேலே தூக்கலாம். எஞ்சின் அறையிலிருந்து மேல் டெக்குக்கு என்னையே அதில் கட்டித் தூக்கச் சொன்னேன். கைகள் பிணைக்கப்பட்டு, மூக்குக்கு எதிரே இரும்புச் சட்டம் நகர, கீழே கயிற்றைப் பிடித்திருப்பவரின் குரலை மட்டும் நம்பி மேலேறும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு, தூக்கும் குழுவில் ஒருவர் இடைவிடாமல் நோயாளியோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை எங்கள் ஒத்திகையின் விதியாக வைத்தேன். புகை நிறைந்த அறையில் மருத்துவர் வந்து சேரும் முன்பே ரத்தப்பெருக்கு உயிரைக் குடித்துவிடும். எனவே ரத்தப்பெருக்கை நிறுத்தக் கைகாலை இறுக்கும் பட்டையான டூர்னிக்கே கட்டுவது கப்பலிலுள்ள அனைவருக்கும் கண்மூடிக்கொண்டு வர வேண்டும்.

சட்டத்தையும் படித்துவைத்துக்கொள்ளுங்கள். கடலில் காயமுற்றோர், நோயுற்றோர், கப்பல் இழந்தோர் ஆகியோருக்கான 1949-ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை மருத்துவப் பணியாளருக்குப் பாதுகாப்பு தருகிறது. கூடவே, எதிரி மாலுமியையும் நம் மாலுமியையும் காயத்தின் கடுமையைக் கொண்டு மட்டுமே வரிசைப்படுத்த வேண்டும் என்ற கடமையையும் சுமத்துகிறது. தற்காப்புக்கும் நோயாளிகளைக் காப்பதற்கும் ஆயுதம் வைத்திருப்பது அந்தப் பாதுகாப்பைப் பறித்துவிடாது.

போரில்லாக் காலத்தில் கடற்படை மருத்துவத்தின் பயனை மக்கள் நேரில் கண்டது பேரிடர்களில். 2004 சுனாமியின்போது ஐ.என்.எஸ். நிருபக் என்ற கடல் அளவைக் கப்பல் மருத்துவமனைக் கப்பலாக மாற்றப்பட்டு இந்தோனேசியாவுக்குச் சென்றது. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது சமுத்திர சேது நடவடிக்கையில் மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து 3,992 இந்தியர்கள் கப்பல்களில் அழைத்துவரப்பட்டார்கள். கொழும்பிலிருந்தும் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்தும் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா தூத்துக்குடிக்கு வந்தது. அந்த வருகைகளில் ஈரானில் சிக்கியிருந்த நம் மீனவர்களும் இருந்தார்கள். தொற்று நோய்க் காலத்தில் அவ்வளவு பேரை மூடிய இரும்பு அறைகளில் ஏற்றி வருவதென்றால், பயணிகள் பகுதியையும் மாலுமிகள் பகுதியையும் பிரிப்பது, நடமாடும் வழிகளைத் தனித்தனியாக்குவது, உணவு கைமாறும் இடத்தைத் திட்டமிடுவது எல்லாம் மருத்துவரின் மேசையில்தான் தொடங்கும். சமூக மருத்துவப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் இங்கே மீண்டும் படிக்க வேண்டியிருக்கும்.

முக்குளிப்பு மருத்துவம் கடற்படை எனக்குக் கொடுத்த தனிச் செல்வம். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறியவரின் உடலில் நைட்ரஜன் குமிழிகள் உருவாகி மூட்டு வலியிலிருந்து கால் செயலிழப்பு வரை கொண்டுவிடும். அவரை அழுத்த அறைக்குள் வைத்து, 60 அடி ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துத் தொடங்கி, படிப்படியாக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும் வழக்கமான சிகிச்சை அட்டவணை 4 மணி 45 நிமிடம் நீளும். நடக்க முடியாமல் உள்ளே போன டைவர் தன் காலில் நின்று வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கும் நம் மக்களுக்கு இதே நோய் வருகிறது. கை கால் மரத்துப்போய் வரும் அவர்களைக் கரையோர மருத்துவமனைகளில் வாதம் என்றோ தண்டுவட நோய் என்றோ நினைத்துவிடும் வாய்ப்பு அதிகம். கடலோர மாவட்டங்களில் பணியாற்றும் எல்லா மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கடல் தொழிலாளி ஒருவர் கால் மரத்து வந்தால், எவ்வளவு ஆழம் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், எப்படி மேலே வந்தார் என்று கேளுங்கள், சந்தேகம் இருந்தால் நூறு விழுக்காடு ஆக்சிஜனை உடனே தொடங்குங்கள்.

சம்பளம், எதிர்காலம் ஆகியவற்றுக்கு வருகிறேன். ஏழாவது ஊதியக் குழுவின்படி சர்ஜன் லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் 61,300 ரூபாயில் தொடங்குகிறது. அதோடு 15,500 ரூபாய் ராணுவப் பணி ஊதியமும், அடிப்படையில் 20 விழுக்காடு தனித்தொழில் செய்யாமைக்கான படியும், அகவிலைப்படியும் சேரும். குறுகிய காலப் பணி முதலில் 5 ஆண்டு; இரு தவணைகளில் மேலும் 9 ஆண்டு வரை நீட்டிக்கலாம். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், 14 ஆண்டு முடித்தாலும் பணிக்கொடைதான் கிடைக்கும். எனவே இடையில் துறைத் தேர்வெழுதி நிரந்தரப் பணிக்கு மாறுவதா, ஐந்தாண்டில் வெளியேறுவதா என்று மூன்றாம் ஆண்டிலேயே வீட்டாரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். பத்தாம் ஆண்டில் யோசிப்பவர்கள் சிரமப்படுவதைக் கண்டிருக்கிறேன். பணியில் இருப்பவர்களுக்கு ஆயுதப்படைக் கல்லூரிகளில் முதுநிலை இடங்கள் உண்டு. குறுகிய காலப் பணி முடித்து வெளியேறியவர்களுக்கும் அங்கே தனி முன்னுரிமை வரிசை இருக்கிறது.

ஊருக்கு அருகே பணி கிடைக்கும் என்று எண்ணிச் சேராதீர்கள். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி, நெல்லை மாவட்டம் விஜயநாராயணம் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து என்று தமிழ்நாட்டில் தளங்கள் இருந்தாலும், பெரிய மருத்துவமனைகள் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) போன்ற இடங்களில்தான். இந்தி பேசப் பழகிக்கொள்ளுங்கள். வலியைப் பற்றிய சொற்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மணமாகப் போகிறவர்கள், கப்பல் கடலில் இருக்கும் வாரங்களில் தொலைபேசி கிடைக்காது என்பதைப் பெண் வீட்டாரிடம் அல்லது மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, பணி முடிந்து வெளியேறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. பிறருடைய படிவங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பிய மருத்துவர்கள், தங்களுடையதை அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார்கள். எஞ்சின் அறை இரைச்சலுக்கும் ஹெலிகாப்டர் தளத்துக்கும் அருகே நீங்களும்தான் இருந்திருக்கிறீர்கள். சேர்ந்தபோது எடுத்த செவித்திறன் பதிவின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளியேறும்போது மீண்டும் ஒன்றை எடுக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அது பணியால் வந்ததா என்ற கேள்விக்கு விடை எழுதப்படும்வரை படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.